எந்த டிஸ்க்கை அழிப்பது?

கணிப்பொறியைப் பற்றி ஆண்டு மலர்களில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் அதன் ஆற்றலைப் போற்றியே தொடங்கும். அதன் விரைவும் நினைவாற்றலும் போற்றத்தக்கனவே, மறுப்பாரில்லை. ஆயின் நான் இங்கே எழுத முற்பட்டது அதன் ஒரே ஒரு திரையைப் பற்றிய குறையினை. 'ஓ.எஸ். போடுவது' என்று பேச்சு வழக்கில் சொல்கிறோமே, அந்த வேலையின் நடுவே, புதிய இயங்குதளத்தை எந்த டிஸ்க்கில் பதிப்பது என்று கேட்டு ஒரு பட்டியல் தோன்றும். அதில் ஒரு வரியைத் தவறாகத் தொட்டால், ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்தவை சில நொடிகளில் போய்விடும். இவ்வளவு பெரிய தீங்கு நேரக்கூடிய இடத்தில்தான் கணிப்பொறி நம்மிடம் மிகக் குறைவாகப் பேசுகிறது.

இஃது ஏட்டறிவால் எழுதுவதன்று. ஒரு துறையின் ஆய்வகக் கணிப்பொறிக்கு ஓ.எஸ். போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் 500 ஜி.பி. கொண்ட இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். ஒன்றில் பழைய இயங்குதளம். மற்றொன்றில் மூன்றாண்டுகளாக மாணவர்கள் களப்பயணங்களில் எடுத்த கல்வெட்டுப் படங்கள். நிறுவல் திரையில் இரண்டு வரிகள் தோன்றின. அளவும் ஒன்றே, எண் மட்டுமே வேறு. நாங்கள் நாள்தோறும் 'சி' என்றும் 'டி' என்றும் அழைத்துவந்த பெயர்கள் அங்கே இல்லை. 'சி' முன்னால் வருவது. ஆகவே முதல் வரிதான் 'சி' என்று கொண்டேன். பெட்டிக்குள்ளே கேபிள்கள் மாறிச் செருகப்பட்டிருந்தது எனக்கு எங்ஙனம் தெரியும்?

"ஏம்பா, பார்த்துச் செய்திருக்கக் கூடாதா?" என்றார் துறைத் தலைவர்.

"பார்த்துத்தான் செய்தேன் ஐயா" என்றேன். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. மீட்பு நிரல்களை ஓட்டிப் பார்த்ததில் படங்களில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. ஆனால் கோப்புப் பெயர்கள் போய்விட்டன. அவற்றோடு ஊர்ப் பெயர்களும் போயின. எந்த ஊர்க் கோயிலின் எந்தச் சுவரில் இருந்தது என்று தெரியாத கல்வெட்டுப் படத்தை வைத்து என்ன செய்வது?

தவறு என்னுடையதே. ஆயினும் 'பார்த்துச் செய்' என்று சொல்வதற்கு, பார்க்கத்தக்கதாக ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா?

பின்னர் பல நிறுவல் திரைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். விண்டோஸில் பல்லாண்டுகளாக நாம் கண்டுவரும் திரையை எடுத்துக்கொள்வோம். 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 1' என்று வரி தொடங்கும். டிஸ்க்கை எண்ணும்போது சுழியத்தில் தொடக்கம். அதன் பகுதியை எண்ணும்போது ஒன்றில் தொடக்கம். இரண்டும் ஒரே வரியில்! டிஸ்க்கைச் செய்த நிறுவனத்தின் பெயரோ மாடலோ அங்கே இல்லை. நிறுவுவதற்காக நாம் செருகிய பென் டிரைவும் அதே பட்டியலில் அதே தோரணையில் வந்து நிற்கும். 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பில் இந்த நிரலைப் புதுப்பித்தார்கள். கோப்புகள், செயலிகள், அமைப்புகள் அனைத்தும் அழிக்கப்படும் என்பதற்கு ஒப்புகிறேன் என்று ஒரு கட்டத்தில் குறியிடச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த ஒப்புதலை வாங்கிக்கொண்ட பிறகே, எந்த டிஸ்க் என்ற கேள்வி வருகிறது. எதை அழிக்கப்போகிறோம் என்று தெரியுமுன் பெறும் ஒப்புதல் எத்தகைய ஒப்புதல்?

லினக்ஸ் அன்பர்கள் இதைப் படித்து மகிழ வேண்டாம். அங்கே 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்று பெயர்கள். இவை டிஸ்க்குகள் கண்டறியப்படும் வரிசைப்படி இடப்படுபவை. இன்று 'எஸ்டிஏ' ஆக இருந்தது நாளை வேறாகலாம். புதுவகை டிஸ்க்குக்கோ 'என்விஎம்இ0என்1' என்று பெயர். பகுதியைக் குறிக்க அதன்பின் 'பி1' ஒட்டிக்கொள்ளும். உபுண்டுவின் பழைய நிறுவல் நிரலான யுபிக்விட்டியில், பூட் லோடரை எந்த டிஸ்க்கில் வைப்பது என்று தனியே கேட்பார்கள். யு.இ.எஃப்.ஐ. கணிப்பொறிகளில் நாம் இரண்டாவது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் டிஸ்க்கில் உள்ள இ.எஃப்.ஐ. பகுதியிலேயே அதை எழுதிவிடும் பிழை பல ஆண்டுகள் நீடித்தது. கேட்டுவிட்டுக் கேளாததுபோல் நடப்பது கேளாமலிருப்பதினும் கொடிது. டெபியனின் நிறுவல் நிரல் தோற்றத்தில் மிகப் பழையதாயினும், டிஸ்க்கின் அளவோடு மாடல் பெயரையும் காட்டுகிறது. ஒரே மாடலில் இரண்டு வாங்கியிருந்தால் அதுவும் கைகொடுக்காது.

அளவைப் பார்த்து அறியலாமே என்பர் சிலர். 500 ஜி.பி. என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் 465.8 என்றும் டெபியன் 500.1 என்றும் காட்டும். விற்பவர் 100 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்கிறார், விண்டோஸ் 1,024ஐ மூன்று முறை பெருக்கி வருவதை ஒரு ஜி.பி. என்கிறது. இரண்டும் ஒரே டிஸ்க்தான் என்பதைப் புதியவர் எவ்வாறு ஊகிப்பார்?

கணிப்பொறிக்கு இவையெல்லாம் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். அதற்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு டிஸ்க்கும் கேட்ட மாத்திரத்தில் தன் மாடலையும் வரிசை எண்ணையும் சொல்லிவிடும். ஏற்கெனவே எந்த இயங்குதளம் பதிந்திருக்கிறது என்பதை உபுண்டுவின் நிரல் கண்டுபிடித்து, பெயர் சொல்லியே கேட்கிறது. டிஸ்க்கின் மேல்மட்டத்தில் உள்ள நான்கைந்து ஃபோல்டர்களின் பெயர்களைப் படித்து, 'இதில் இவை இருக்கின்றன, அழிக்கவா?' என்று கேட்பதற்கு என்ன தடை? பூட்டி வைத்த டிஸ்க்கில் அது இயலாது; பூட்டாத டிஸ்க்கில் இயலுமே! மனிதன் தன் டிஸ்க்கை அதில் வைத்திருக்கும் பொருளைக் கொண்டல்லவா அறிகிறான்?

இதில் வியப்பு யாதெனின், பழைய கறுப்புத் திரைக்கு இந்த நாகரிகம் இருந்தது. எம்.எஸ். டாஸ் காலத்தில் ஃபார்மட் என்று தட்டினால், இந்த எழுத்துடைய டிஸ்க்கில் உள்ள அனைத்தும் போகும் என்று டிரைவின் எழுத்தைச் சொல்லி எச்சரிக்கும். பின்வந்த பதிப்புகளில், அந்த டிஸ்க்குக்கு நாம் சூட்டியிருக்கும் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லும். பெயர் பொருந்தாவிட்டால் அழிக்காது. விண்டோஸின் ஃபார்மட் கட்டளை இன்றும் அப்படித்தான் கேட்கிறது. அதே குடும்பத்தில் பிறந்த நிறுவல் திரை மட்டும் கேட்பதில்லை.

ஓ.எஸ். போடுவது வல்லுநர் வேலை, மற்றவருக்கு அந்தத் திரையோடு என்ன தொடர்பு என்று ஒரு மறுப்பு உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டி.பி.எம். 2.0 இல்லாத, பழைய செயலி கொண்ட கணிப்பொறிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அவற்றைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் ஒரு வழி. புதிய கணிப்பொறி வாங்க வசதியற்ற மாணவன்தான் அந்தத் திரையின் முன் அமர்வான். அவனிடம் இன்னொரு பிரதி எடுத்துவைக்க இன்னொரு டிஸ்க் இருக்காது. பிரதி எடுக்காதது உன் குற்றம் என்று அறிவுரை கூறுவோர் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையில் வல்லுநர்களே அந்தத் திரையை நம்புவதில்லை. என் கதையைக் கேட்ட கணிப்பொறி மெக்கானிக் ஒருவர், "தம்பி, நான் எப்பவும் மத்த டிஸ்க்கோட கேபிளைப் புடுங்கிப் போட்டுட்டுத்தான் ஓ.எஸ். போடுவேன்" என்றார். ஆண்டுக்கணக்கில் இதே தொழில் செய்பவர், திரையில் படிப்பதைவிடத் திருப்புளியை எடுப்பதே பாதுகாப்பு என்று முடிவு கட்டியிருக்கிறார். மடிக்கணினியில், உள்ளே பதித்த டிஸ்க்கை அப்படிக் கழற்றுவதும் எளிதன்று.

மீண்ட படங்களுக்கு ஊர்ப் பெயர் கண்டுபிடிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பயணங்களுக்குச் சென்ற மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவுகிறார்கள். படங்கள் இருக்கும் டிஸ்க்குக்கு இப்போது ஒரு பெயர் சூட்டியிருக்கிறோம். நிறுவல் திரைகள் சிலவற்றில் அந்தப் பெயராவது தெரியும் என்பதால். 'அழிக்காதே' என்பதே அதன் பெயர். ஆங்கில எழுத்துகளில்தான் வைத்தோம். தமிழில் வைத்தால் அந்தத் திரை அதை ஒழுங்காகக் காட்டும் என்று நம்ப எங்களுக்குத் துணிவு வரவில்லை.