சக்கரம் மக்கர் செய்தால் விமானம் ஏன் வட்டமடிக்கிறது?

சுவாமிமலை:

சுவாமிமலை, கும்பகோணம் பக்கத்து ஆட்கள் வளைகுடா வேலைக்கு விமானம் ஏறுவது பெரும்பாலும் திருச்சியில்தான். அதனால் 2024 அக்டோபர் 11-ந்தேதி திருச்சி வானில் நடந்தது இந்த ஊருக்கும் சொந்தச் செய்திதான்.

அன்று ஆயுத பூஜை. வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற நாள். மாலை 5.40 மணி வாக்கில் 141 பயணிகளுடன் சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. சக்கரத்தை ஏற்றி இறக்குவது இந்த எண்ணெய் அழுத்தம்தான். 2 மணி நேரத்துக்கும் மேல் திக் திக்! இரவு 8.15 மணி வாக்கில் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

சும்மா சுத்தவில்லை

உடனே ஏன் இறக்கவில்லை? சார்ஜா வரை போக நிரப்பிய எரிபொருள் அப்படியே இருந்தது. அவ்வளவு எடையோடு இறங்கினால் ஆபத்து. தீப்பிடிக்கும் பயமும் உண்டு. சில பெரிய விமானங்களைப் போல இந்த போயிங் 737 எரிபொருளை வானிலேயே கொட்ட முடியாது. சுத்திச் சுத்தி எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

எண்ணெய் அழுத்தம் போனாலும் வழி இருக்கிறது. விமானி அறையில் உள்ள கைப்பிடிகளை இழுத்தால், சக்கரங்கள் தன் எடையிலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். 3 பச்சை விளக்கு எரிந்தால் நிம்மதி.

சின்ன விமானம் என்றால்?

செஸ்னா-172 போன்ற பயிற்சி விமானங்களில் சக்கரம் மடங்காது. அப்படியே நிற்கும். 2025 நவம்பர் 13-ந்தேதி கீரனூர் அருகே திருச்சி-புதுக்கோட்டை சாலையில் அவசரமாக இறங்கிய சேலம் பயிற்சி விமானமும் இந்த ரகம்தான். உள்ளே இருந்த 2 பேரும் தப்பினார்கள்.

சக்கரம் மடங்கும் சிறிய தனியார் விமானங்களிலும் கைபம்பு அல்லது தானாக விழவைக்கும் வசதி உண்டு. அதுவும் கைவிட்டால் வயிற்றாலேயே சறுக்கி இறங்க வேண்டியதுதான். வேகம் குறைவு என்பதால் காற்றாடியும் அடிப்பாகமும் நொறுங்கினாலும் ஆள் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

திருச்சியில் விமானிகள் சாமர்த்தியமாக இறக்கினார்கள். சபாஷ்! ஆனால் கோளாறைத் தரையிலேயே கண்டுபிடிப்பதுதான் பராமரிப்பு. அன்றே விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. இப்படிப்பட்ட விசாரணையில் தெரியவரும் காரணத்தை, நகையை அடகு வைத்து டிக்கெட் எடுப்பவருக்கும் புரிகிற மாதிரி தமிழில் சொல்ல வேண்டும். உயிரை நம்பி ஒப்படைக்கிறவர் அவர்தானே!