கண்ட கனவு பலித்ததா?



“விடியற்காலையில் கண்ட கனவு, அப்படியே பலித்துவிட்டது” என்று சொல்லாத குடும்பம் நம்மிடையே உண்டா? பல் விழுந்ததாகக் கண்டால் வீட்டில் சாவு. கல்யாணக் கனவு கண்டால் துக்கம். செத்துப் போனதாகக் கண்டால் ஆயுள் கெட்டி. லயத்து வாசலில் பாட்டிமார் சொல்லிச் சொல்லி நம் காதில் ஏறியவை இவை. இந்த நம்பிக்கை இன்று நேற்று வந்ததும் அல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன், பாண்டிமாதேவி மூவருமே வரப்போகும் கேட்டைக் கனவில் காண்கிறார்கள். கனவுக்குப் பலன் சொல்லவே ‘கனா நூல்’ என்றொரு நூலும் தமிழில் உண்டு.

அப்படியானால் கனவு பலிக்கும் என்றுதானே அர்த்தம்? அவசரப்படாதீர்கள். முதலில் ஓர் உண்மைச் சம்பவத்தைக் கேளுங்கள்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் அபர்ஃபான் என்றொரு சுரங்கத் தொழிலாளர் கிராமம். 1966 அக்டோபர் 21-ஆம் நாள் காலை, ஊருக்கு மேலே மலையில் கொட்டி வைத்திருந்த நிலக்கரிக் கழிவுக் குவியல் சரிந்து வந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்தவர் 144 பேர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள். அதில் இறந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, முதல் நாள் தன் தாயிடம் ஒரு கனவைச் சொன்னாளாம். பள்ளிக்குப் போனேன், அங்கே பள்ளிக்கூடமே இல்லை, கறுப்பாக ஏதோ வந்து மூடியிருந்தது என்று. படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறதல்லவா?

இதைக் கேள்விப்பட்ட ஜான் பார்க்கர் என்ற மனநல மருத்துவர், இப்படி முன்கூட்டியே உணர்ந்தவர்கள் வேறு யாரும் உண்டா என்று பத்திரிகை மூலம் கேட்டார். 76 பேர் எழுதினார்கள். உடனே அவர் நல்ல காரியம் ஒன்று செய்தார். நடந்த பிறகு சொன்னால் எப்படி நம்புவது? நடப்பதற்கு முன்பே எழுதி அனுப்புங்கள் என்று 1967-இல் ஒரு லண்டன் நாளேட்டின் துணையோடு பதிவு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பதினைந்து மாதத்தில் 723 முன்னறிவிப்புகள் வந்தன. பலித்ததாகக் குறிக்கப்பட்டவை 18 மட்டுமே. மற்ற எழுநூற்றுச் சொச்சமும் வெறுங்கனவாய்ப் போயின.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். ஒருவர் ஓர் இரவில் நாலைந்து முறை கனவு காண்கிறார் என்பது தூக்கத்தை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை. நாலு என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆண்டுக்கு 7,300 கனவுகள். அத்தனையில் ஒன்றிரண்டு நடப்போடு ஒத்துப் போகாவிட்டால்தான் அதிசயம்! ஒத்துப் போனதை ஊரெல்லாம் சொல்கிறோம். ஒத்துப் போகாததைப் பல் துலக்குவதற்குள் மறந்துவிடுகிறோம்.

விடியற்காலைக் கனவுக்கும் காரணம் உண்டு. கனவு அதிகம் வரும் தூக்கம் விடியற்பொழுதில்தான் நீளுகிறது. அந்த நேரத்தில் விழித்துக்கொள்வதால் கனவு மனத்தில் நிற்கிறது. நடுச்சாமக் கனவு நினைவிலேயே இல்லையென்றால், அது பலித்ததா இல்லையா என்று யார் சொல்வது?

இன்னொன்று, கவலை. நோயாளித் தாயை நினைத்துப் படுத்தால் தாய்தான் கனவில் வருவார். அவர் மறுவாரம் காலமானால், கனவு முன்னதாகச் சொன்னதாகத் தோன்றும். உண்மையில் சொன்னது கனவல்ல. உங்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்த அச்சம்.

சரி, நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டும், இதில் என்ன நட்டம் என்கிறீர்களா? நட்டம் உண்டு. கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், செத்துப்போன தாத்தா வந்தால் ஒரு நம்பர் என்று படப் புத்தகத்தைப் புரட்டி நாலு நம்பர் எடுக்கும் வழக்கம் நமக்குத் தெரியாததா? மொத்தம் 10,000 எண்கள். ஆண்டுக்கு 156 குலுக்கல் என்றால், ஒரே எண்ணை விடாமல் எடுப்பவருக்கு முதல் பரிசு விழச் சராசரியாக 64 ஆண்டுகள் ஆகும். எல்லா எண்ணுக்கும் ஒரு வெள்ளி வீதம் 10,000 வெள்ளி கட்டினாலும், எல்லாப் பரிசும் சேர்த்துத் திரும்பி வருவது 6,400 வெள்ளிதான். தாத்தா கனவில் வந்ததற்காக ஆலோங்கிடம் கடன் வாங்கிய குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

பண நட்டத்தைவிடப் பெரியது மனக்காயம். “மருமகள் வந்த ராத்திரியே கெட்ட கனவு கண்டேன்” என்று ஒரு மாமியார் வாய் திறந்துவிட்டால், அந்தப் பெண் அந்த வீட்டில் பட்டபாடு போதும். சகோதரிகளே, கனவைச் சாட்சியாக வைத்து ஒரு மனுஷியைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

இனி என்ன செய்யலாம்? ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். எழுந்தவுடன் கனவைத் தேதி போட்டு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் படியுங்கள். பலித்தது எத்தனை, பலிக்காதது எத்தனை என்று உங்கள் கையெழுத்தே சொல்லும். உறவினர் யாரையாவது கனவில் கண்டு மனம் பதறினால் ஒரு போன் போட்டு நலம் விசாரியுங்கள். அதில் தப்பே இல்லை. ஒரு விபத்துக்கோ சாவுக்கோ பிறகு, அதே பயங்கரக் கனவு திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால், மந்திரிக்க அழைத்துப் போவதோடு நிறுத்திவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அபர்ஃபான் கதையில் ஒரு மீதி உண்டு. அந்தக் குவியல் ஆபத்தானது என்று ஊரார் பகலிலேயே அறிந்திருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பே உள்ளூர் மன்றம் கடிதம் எழுதிக் கேட்டது. சுரங்கத்தை நடத்திய வாரியம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விசாரணையில் அந்த வாரியமே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. கனவு சொல்லி யாரும் பிழைக்கவில்லை. கடிதத்தை மதித்திருந்தால் 116 பிள்ளைகளும் பிழைத்திருப்பார்கள்.

நம் வீட்டுக் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் மரமும், பிள்ளைகள் ஏறிப் போகும் பழைய வேனின் தேய்ந்த டயரும் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றுக்குப் பலன் பார்க்க எந்தப் புத்தகமும் வேண்டாம். இன்றைக்கே கவனியுங்கள்.