இரண்டடிப் பாதைக்கு எந்த அளவு?

மரத்திலும் தகரத்திலும் ஒரு மாதிரி ரயில் செய்யப் போகிறேன் என்றதும், நண்பர்கள் ஒரே வாயாக "ஊட்டி ரயிலா சார்?" என்றார்கள். ஊட்டி ரயில் நேரோகேஜ் அல்ல, மீட்டர்கேஜ். 2010 கடைசி வரை நம் போடிக்கு வந்ததும் அதே மீட்டர்கேஜ்தான். இரண்டடி நேரோகேஜ் வேண்டுமென்றால் டார்ஜிலிங்கைச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் தலைக்கு மேலேயே ஒன்று ஓடியது.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளம்தான். வண்டியின் சின்னச் சக்கரம் தண்டவாளத்தில், பெரிய சக்கரம் பக்கத்துத் தரையில் உருளும், இழுத்தது மாடு. 1908-ல் இரண்டடிப் பாதையாக மாற்றி எஞ்சின் விட்டார்கள். 1924 ஜூலை வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. பிறகு போடவே இல்லை. டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலை ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்கு வண்டிப் பாதை. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அந்த ரோப்வேயின் மேல்முனை என்பதால் வந்ததுதான்.

சரி, எந்த அளவில் செய்வது? இடம் குறைவு என்றால் 1:76 எடு, 9 மில்லிமீட்டர் தண்டவாளம் போதும் என்பார்கள். நானும் அதில் ஒரு வேகன் வாங்கினேன். கொக்கி கழன்று விழுந்தது. கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணோடு அரை நாள் தரையில் தவழ்ந்து தேடினேன், கிடைக்கவில்லை. அந்த அளவில் மாடு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் உயரம்கூட வராது. அதோடு, 9 மில்லிமீட்டரை 76-ஆல் பெருக்கிப் பாருங்கள், இரண்டடி வராது, மூன்று அங்குலம் கூடிவிடும். பைலில் ஒரு பைசா இடித்தாலும் தூங்காத குமாஸ்தா நான்.

நான் எடுத்தது 1:19. ஓர் அடிக்கு 16 மில்லிமீட்டர். 32 மில்லிமீட்டர் தண்டவாளம் போட்டால் இரண்டடி கச்சிதமாக வருகிறது. பாதி இங்கிலீஷ் கணக்கு, பாதி பிரெஞ்சு கணக்கு. பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு அடி, அங்குலத்தில் காலம் தள்ளிய எனக்கு ஏற்ற அளவுதான்!

எட்டடி மேசையில் 152 அடி நிலம்தான் அடங்கும். ரயில் சுற்றி ஓடாது. ஓட வேண்டாம் என்பதே என் கட்சி. எஞ்சினையும் துரையையும் வரைய ஆயிரம் பேர் உண்டு. எனக்கு வேண்டியது பெட்டி சுமந்த ஆட்கள். இந்த அளவில் ஓர் ஆள் ஒன்பது சென்டிமீட்டர் நிற்பான். தலைப்பாகையைச் சுற்றலாம், முகம் வரையலாம். நம் வயதுக்காரர்கள் இடத்தைப் பார்த்து அளவெடுக்கக் கூடாது. கண்ணையும், மீதி இருக்கும் வருஷத்தையும் பார்க்க வேண்டும்.

மேசை விளிம்பிலிருந்து கூடத்துத் தரைக்கு நூல் கட்டியாயிற்று, தரைதான் கொட்டகுடி. பேரன் தீப்பெட்டியில் தேயிலை வைத்து இறக்குகிறான். மாடு நாலு முடிந்தது. காது பெரிசாகிவிட்டது, ஆடு என்கிறான்.