வயது மட்டும் போதாது

அமெரிக்காவில் 25 வயது நிரம்பிய வெளிநாட்டு வண்டிக்கு மத்திய அரசின் பாதுகாப்பு விதிகள் கிடையாது. புகை விதிக்கு 21 ஆண்டே போதும். பிரிட்டனின் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் டீசல்கள் அங்கே போய் இறங்குவது இந்த வாசல் வழியாகத்தான். கனடாவில் வாசல் இன்னும் அகலம்: 15 ஆண்டு. வயதை மட்டும் கேட்டு உள்ளே விடுவது குருட்டு விதி. டிஃபெண்டரின் மேல்தகடு பெரும்பாலும் அலுமினியம். அடியில் தாங்கும் சேஸிஸோ இரும்பு. குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் நாட்டில் ஓடிய வண்டி அது. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் சில சமயம் சுத்தியல் உள்ளே போய்விடும். புதுப் பெயின்ட் பளபளக்கும்போது யார் குனிந்து பார்க்கிறார்கள்? வயதே தகுதியானதும் வயதைத் திருத்தும் ஆசையும் வருமல்லவா? 2014இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, வண்டியின் வயதைக் காட்டும் அடையாள எண் விவகாரத்தில் 40 டிஃபெண்டர்களைப் பறிமுதல் செய்தது.

சொற்ப வண்டிகளுக்கு ஏன் இந்தக் கெடுபிடி என்பார்கள். எண்ணிக்கை குறைவுதான். டிஃபெண்டரின் 200 டிடிஐ டீசல் எஞ்சினில் கணினி இல்லை, பழகிய மெக்கானிக் பிரித்து மாட்டிவிடுவார் என்பதும் நியாயமே. ஆனால் எஞ்சின் நன்றாக இருப்பதால் பிரேக் பிடித்துவிடாது. தடையெல்லாம் வேண்டாம், துறைமுகத்திலேயே சேஸிஸையும் பிரேக்கையும் சோதித்துவிட்டு அனுப்பட்டும்.