சேவை செய்ய எதற்குச் சம்பளம்?

இந்த வாரம் தலைக்கு மேல் வேலை. திங்களன்று உட்ரோ வில்சன் 1887-ல் எழுதிய கட்டுரை பற்றி வகுப்பில் பேச வேண்டும். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். பொது நிர்வாகம் என்ற படிப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்று அவரைச் சொல்வார்கள். செவ்வாய், புதன் முழுக்கச் சட்டம். ஓர் அமைப்பை 1860-ம் வருடத்துச் சட்டப்படி சங்கமாகப் பதிவு செய்வதா, அறக்கட்டளையா, கம்பெனிச் சட்டம் 8-ம் பிரிவின்படி லாப நோக்கில்லாத கம்பெனியா? வியாழனன்று ஒரு தொண்டு நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கைப் பிரித்து மேய்ந்தோம். நடுவில் ஒரு தேர்வு, இரண்டு கட்டுரைகள். சாப்பாடு? முனிர்கா கடை ராஜ்மா சாவல்தான்.

இதற்கிடையில் ஊரிலிருந்து சித்தப்பா போன். "சேவை செய்ய எதுக்குடா ரெண்டு வருஷப் படிப்பு? நல்ல மனசு இருந்தா பத்தாதா? அதுக்குச் சம்பளம் வேறயா?"

சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். நன்கொடை கொடுக்கும் எல்லோரும் கேட்பது இதுதான்: "நான் தரும் நூறு ரூபாயில் குழந்தைக்கு எவ்வளவு போய்ச் சேரும்?" நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் கேட்க வேண்டியது, "அந்தக் குழந்தை படிக்கிறதா?" என்பது.

சத்துணவு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். பெரிதாக்கிய திட்டம். சமையலர் இருக்கிறார், உதவியாளர் இருக்கிறார், அமைப்பாளர் என்றும் ஒருவர் இருக்கிறார். இந்த அமைப்பாளர் வேலை அடுப்படியில் இல்லை. அரிசி இருப்பு பார்ப்பார், எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று பதிவேட்டில் எழுதுவார். அவர் சம்பளம் தண்டம், அதற்கும் அரிசி வாங்கிப் போடலாம் என்று யாராவது சொல்வோமா? அவர் இல்லாவிட்டால் அரிசி எங்கே போகும் என்று நமக்குத் தெரியும்!

அதே நாம் தொண்டு நிறுவனத்தில் கணக்கர் இருந்தால் முகம் சுளிக்கிறோம். சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ல் வந்தபோது, அந்தப் பணத்தில் 50 சதவீதம் வரை நிர்வாகச் செலவு செய்யலாம் என்றிருந்தது. 2020 செப்டம்பர் திருத்தம் அதை 20 சதவீதமாக்கியது. மருத்துவமனை டாக்டர், பள்ளி ஆசிரியர் சம்பளமெல்லாம் நிர்வாகச் செலவில் சேராது. உண்மைதான். ஆனால் ஆபீஸ் வாடகை, கணக்கு எழுதும் செலவு, வக்கீல் பீஸ் எல்லாம் சேரும்.

வேடிக்கை என்னவென்றால், அதே திருத்தம்தான் நிர்வாக வேலையையும் கூட்டியது. நாகர்கோவிலில் இருக்கும் அமைப்பும் வெளிநாட்டுப் பணத்தை முதலில் தில்லி நாடாளுமன்றச் சாலை ஸ்டேட் பாங்க் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். பெரிய அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துத் தரவும் தடை. ஆக, இங்கிலீஷில் திட்ட அறிக்கை எழுதத் தெரியாத கிராமத்து அமைப்பும் நேரடியாக வெளிநாட்டில் போய்க் கேட்டாக வேண்டும். எழுதித் தர ஆள் வைத்தால், அந்தச் சம்பளம் நிர்வாகச் செலவு! 2022-ல் உச்ச நீதிமன்றம் இந்த வங்கிக் கணக்கு விதியும் தடையும் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டப்படி செல்லுபடியாவது வேறு, நல்ல நிர்வாகம் வேறு.

"சேவை என்ற பேரில் காரும் ஏசியுமாகச் சுற்றுகிறார்களே?" என்பீர்கள். சுற்றுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சதவீதக் கட்டுப்பாடு அவர்களைப் பிடிக்காது. திருட நினைப்பவன் கார் வாடகையை "பயிற்சி முகாம்" தலைப்பில் எழுதிவிட்டுப் போவான். அவனைப் பிடிக்க ஒழுங்கான தணிக்கை வேண்டும், வந்த பணத்தில் நடந்த வேலையை நேரில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். இரண்டுக்கும் செலவாகும். மாட்டிக்கொள்பவர் உண்மையை உண்மையாக எழுதுகிறவர்தான்.

போன செமஸ்டரில் நான் களப்பணி செய்த இடம், கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலைப்பள்ளி நடத்தும் சின்ன அமைப்பு. அங்கே கணக்கு, வருகைப் பதிவு, நன்கொடையாளருக்கு அறிக்கை எல்லாம் ஒரே பெண் பார்த்தார். சம்பளம் கட்டுப்படியாகவில்லை, போய்விட்டார். அறிக்கை தாமதமானது. அடுத்த தவணைப் பணமும் தாமதமானது. இரண்டு மாதம் மாலைப்பள்ளி பூட்டிக்கிடந்தது. நிர்வாகச் செலவு மிச்சம்தான், யாருக்கு என்ன லாபம்?

நல்ல மனசு வேண்டும் சித்தப்பா. அந்த மனசு மாசக் கடைசியிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் சம்பளமும் வேண்டும். அடுத்த முறை நன்கொடை தரும்போது "கணக்கு எழுதுகிறவருக்கு ஒழுங்காகச் சம்பளம் தருகிறீர்களா?" என்றும் கேளுங்கள். "ஆமாம்" என்றால் தாராளமாகக் கொடுங்கள்.