இரண்டாம் வருஷத்துத் துணை

மனிதனுடைய இரைப்பையில் ஐந்தில் நாலு பங்கை வெட்டி எடுத்துவிட்டால் அவன் பிழைத்திருப்பானா என்று நம் பாட்டனாரைக் கேட்டிருந்தால், கேட்டவனுடைய புத்தி சுவாதீனத்தைப் பற்றித்தான் அவர் முதலில் கவலைப்பட்டிருப்பார். இன்று அப்படிப்பட்ட மனிதர்கள் நம் நடுவே கடைத்தெருவுக்குப் போகிறார்கள், பஸ் ஏறுகிறார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். வீட்டு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியவர்கள் சங்கரநாராயணர் கோயில் பிராகாரத்தை நிதானமாகச் சுற்றி வருகிறார்கள். கத்தி தன் வேலையை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் நடக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத எண்ணினேன். நான் வைத்தியன் அல்லன், உபாத்தியாயன். ஆகையால் கத்தியைப் பற்றிச் சுருக்கமாகவும் மனிதர்களைப் பற்றிச் சற்று விரிவாகவும் எழுதுவேன்.

முதலில் கத்தியின் சங்கதி. 1966-ஆம் வருஷத்தில், அமெரிக்காவில் ஐயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்னும் ரண வைத்தியர், இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் சிறு பையாகப் பிரித்து அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்தார். இன்று ‘பைபாஸ்’ என்று வழங்கும் சிகிச்சைக்கு அதுவே மூலம். இப்பொழுது அமைக்கும் பை ஒரு கோழிமுட்டை அளவுதான் இருக்கும். மற்றொரு முறையில் குடலைத் தொடுவதில்லை. இரைப்பையை நீளவாட்டில் வெட்டி, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். ‘ஸ்லீவ்’ என்று இதற்குப் பெயர். சட்டைக்கை என்று பொருள். வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்ற சுரப்பு பெரும்பாலும் உண்டாகிறது. 1999-இல் கோஜிமா, கங்காவா முதலிய ஜப்பானிய விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே இச்சிகிச்சை பெற்ற பலருக்குக் கொஞ்ச காலத்துக்குப் பசியே தோன்றுவதில்லை. ‘கொஞ்ச காலத்துக்கு’ என்ற சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. வயிற்றை நீளக் கிழிக்காமல் சிறு துவாரங்களின் வழியாகவே இவ்வளவும் செய்ய முடிகிறது. இந்தத் துவார முறையைத் தென்னாட்டில் வேரூன்றச் செய்தவர்களில் கோயம்புத்தூர் டாக்டர் சி. பழனிவேலு முக்கியமானவர்.

இது பருத்தவர் எல்லோருக்கும் உரியதன்று. 2019-21-இல் நடந்த தேசீயக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். அத்தனை பேரும் மேஜையில் படுக்க வேண்டியதில்லை. கிலோ எடையை, மீட்டர் கணக்கிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு டாக்டர்கள் தீர்மானிக்கிறார்கள். 2019-இல் வகுக்கப்பட்ட இன்ஷூரன்ஸ் விதிகளின்படி அந்த எண் 40-ஆவது இருக்கவேண்டும். நீரிழிவு போன்ற கடும் வியாதியும் கூட இருந்தால் 35 போதும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு ஸ்திரீக்கு 40 என்பது ஏறக்குறைய 102 கிலோ. நம்மவர்களுக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதால், இந்திய டாக்டர்கள் இந்த எல்லையை இன்னும் சற்றுத் தாழ்த்தியே வைக்கிறார்கள்.

சிலர் இதைச் சோம்பேறிகளின் குறுக்கு வழி என்கிறார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. ஸ்வீடன் தேசத்தில் 1987 முதல் சிகிச்சை பெற்ற 2,010 பேரையும், அதே நிலையில் சிகிச்சை பெறாத 2,037 பேரையும் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சிகிச்சை பெற்றவர்களிடையே மரணம் குறைவு என்பது 2007-இல் வெளியாயிற்று. அபாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024-இல் சென்னையை அடுத்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இச்சிகிச்சைக்குச் சென்ற வாலிபர் ஒருவர் உயிரிழந்து, சர்க்கார் விசாரணையும் நடந்தது. எடையைக் குறைக்கக் கத்தியின் கீழே படுப்பவன் சோம்பேறி அல்லன். அவன் எடுக்கும் துணிவு சாமானியமானதன்று.

பெரிய மனிதர்கள் இதை மறைக்கவில்லை. ஸ்ரீ நிதின் கட்கரி 2011-இல் மும்பையில் இச்சிகிச்சை செய்துகொண்டார். அருண் ஜெட்லி 2014-இல் நிதி மந்திரியாக இருக்கும்பொழுதே டில்லியில் செய்துகொண்டார். பத்திரிகைகளெல்லாம் எழுதின. நம் வீடுகளிலோ இது ஏதோ களவுக் குற்றம் போல் மறைக்கப்படுகிறது. “பித்தப்பையில் கல், எடுத்துவிட்டார்கள்” என்று அயலாரிடம் சொல்லச் சொல்கிறார்கள். இந்தப் பொய்யினால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். கல் எடுத்தவன் ஒரு மாதத்தில் பந்தியில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடலாம். இவரால் முடியாது. ஆகவே பொய் சொன்ன நாள் முதல் ஒவ்வொரு விருந்திலும் ஒரு புதுப் பொய் தேவைப்படுகிறது.

சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் நீர் ஆகாரந்தான். பருப்புத் தண்ணீர், மோர், இளநீர், வடிகட்டிய சூப்பு. அதையும் ஒரே மடக்காகக் குடிக்கக் கூடாது. பிறகு குழைய மசித்தது, அப்புறம் மிருதுவானது என்று படிப்படியாக ஏறி, வழக்கமான உணவுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகிறது. அப்பொழுதும் ஒரே இட்லியை அரை மணி நேரம் மென்று தின்னவேண்டும். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் கூடாது. அரை மணி கழித்தே குடிக்கலாம். சோற்றுக்கு முன்னால் பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டும். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது சேராவிட்டால் உடம்பு தன் தசையையே தின்னத் தொடங்கிவிடும். பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும் வேண்டும். மூன்றாவது மாதத்துக்கு மேல் தலைமயிர் கொட்டும்; பெரும்பாலும் அது திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் அதைச் சீப்பில் பார்க்கும் ஸ்திரீயிடம் அப்படிச் சொல்லித் தேற்ற அருகில் யாராவது இருக்க வேண்டும். பெண்களுக்கு இன்னொரு விஷயம். சிகிச்சைக்குப் பின் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை கர்ப்பம் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். புது மருமகளிடம் மாதாமாதம் “விசேஷம் உண்டா?” என்று கேட்கும் மாமியார்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கேதான் நம் ஊர் உபசாரம் குறுக்கே வந்து நிற்கிறது. கோமதியம்மன் தவம் செய்த ஸ்தலம் இது. ஆயினும், உள்ளதைச் சொன்னால் கோபம் வரக்கூடாது, நம் ஊரில் தவத்தைவிட விருந்துக்கே மதிப்பு அதிகம். வெளியூரார் சங்கரன்கோவில் என்றதும் சுவாமியை நினைக்கிறார்களோ இல்லையோ, ஆட்டுக்கறிப் பிரியாணியை நினைக்கிறார்கள். ஆடித்தபசுக்கு வரும் உறவினர்களுக்கு வீட்டில் இடம் இல்லாவிட்டாலும் இலையில் இடம் இருக்கும். எனக்குத் தெரிந்த தறிக்காரக் குடும்பம் ஒன்றில் இச்சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாலாம் மாதம் ஒரு வளைகாப்பு. “மதினி, நீங்கள் ஒன்றுமே சாப்பிடவில்லையே! எனக்காக ஒரு வாய்” என்று நாத்தனார் அல்வாவை ஊட்டியே விட்டாள். குடலை மாற்றி இணைத்தவர்களுக்கு இனிப்பு விரைவாகக் குடலில் இறங்கினால் நெஞ்சு படபடக்கும்; வேர்த்துக் கொட்டும்; கண் இருளும். அந்த அம்மாள் பந்தியிலேயே சாய்ந்துவிட்டார். பாசத்தினால் ஊட்டிய நாத்தனார் அழுதாள். “ஆபரேஷன் வேண்டாம் என்று அப்போதே சொன்னேன்” என்றார் மாமியார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அன்பைக் காட்ட இலையைத் தவிர வேறு இடம் தெரியாததுதான் கோளாறு.

சிகிச்சை நடந்த முதல் வாரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவினர் கூட்டம் நிரம்பி வழிகிறது. ஆறாம் மாதத்தில் பார்க்கிறவர்களெல்லாம் “அடையாளமே தெரியவில்லையே!” என்று கொண்டாடுகிறார்கள். அது ஒரு மருந்து போலவே வேலை செய்கிறது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் எடை இறங்குவது நின்றுவிடுகிறது. பசி, ‘கொஞ்ச காலத்துக்கு’ விடைபெற்றிருந்த அதே பசி, மெல்லத் திரும்பி வருகிறது. தொங்கும் தோல் மிச்சம். ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறுகிறது. அயலார் பழகிவிட்டபடியால் பாராட்டும் நின்றுவிடுகிறது. முன்பு மனக்கஷ்டம் வந்தால் தின்பண்டத்தில் ஆறுதல் தேடியவர்களுக்கு இப்பொழுது அந்தக் கதவும் அடைபட்டிருக்கிறது. சிலர் மதுவின் பக்கம் திரும்புகிறார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அது வழக்கத்தைவிட விரைவில் தலைக்கேறும். கனடாவில் ஒண்டேரியோ மாகாணத்தில் இச்சிகிச்சை பெற்ற 8,815 பேரைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. சிகிச்சைக்கு முன்னைவிடப் பின்னர், தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த சம்பவங்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருந்தன. அவற்றில் பெரும்பகுதி இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் நடந்தவை. அவ்வாறு செய்தவர்கள் மொத்தத்தில் மிகச் சிலரே என்பது உண்மை. ஆனாலும் வராந்தாவில் கூட்டம் இருந்த காலத்தையும் அபாயம் வந்த காலத்தையும் நேயர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அந்தக் காலத்தில் யார் துணை? டாக்டரிடம் பத்து நிமிஷம் கிடைக்கும். வீட்டாரின் அன்பு உண்டு, ஆனால் அநுபவம் இல்லை. அதே வழியில் நடந்துவந்த இன்னொருவர் வேண்டும். நியூயார்க் நகரத்தில் ஜீன் நைடெட்ச் என்ற குடும்பப் பெண், 97 கிலோ எடையோடு நகரச் சுகாதார இலாகாவின் வைத்தியசாலைக்குச் சென்று பத்திய முறை வாங்கிவந்தார். பத்தியம் கைக்கு வந்தது, மனம் கட்டுப்படவில்லை. 1961-இல் தம்மைப் போல் பருத்த சிநேகிதிகள் ஆறு பேரை வீட்டுக்கு அழைத்து, ஒளித்து வைத்துத் தின்னும் பிஸ்கோத்துக்களைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். அந்தக் கூடம் வாரந்தோறும் நிரம்பிற்று. 1963-இல் அது ஒரு பெரிய ஸ்தாபனமாக உருவெடுத்து, பிற்காலத்தில் பெரிய வியாபாரமாகவும் ஆயிற்று. வியாபாரம் நமக்கு வேண்டாம். அந்த ஆறு சிநேகிதிகள் போதும்.

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. குடிப்பழக்கத்தால் கணவரை இழந்த ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் பெயரால் குடி நோயாளிகளுக்கான சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தார். குடிப்பவனுக்கு மட்டுமன்றி அவன் மனைவிக்கும் பெற்றோருக்கும் அங்கே தனியாகப் போதனை உண்டு. வியாதி ஒருவனுக்கு, வைத்தியம் குடும்பத்துக்கு. எடைச் சிகிச்சைக்கும் இதே முறையைக் கையாண்டால் அல்வா ஊட்டும் நாத்தனாரும் சகாயம் செய்யும் நாத்தனாராக மாறிவிடுவாள். பந்தியில் அருகில் உட்கார்ந்து, “அண்ணிக்குப் போதும்” என்று பரிமாறுகிறவரை விலக்கிவிடும் ஒருத்தி, பத்து மாத்திரைக்குச் சமானம்.

இத்தகைய கூட்டங்களுக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைகிறது என்று பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஒழுங்காக வருகிறவர்கள் இயற்கையிலேயே ஒழுங்கானவர்களாக இருக்கலாம் அல்லவா என்று ஒரு கணக்கு வாத்தியார் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எடை விஷயத்தில் எப்படியானாலும், கூட்டத்தில் கிடைக்கும் எச்சரிக்கைக்கு மதிப்பு உண்டு. உதாரணமாக, நாள்தோறும் வாந்தி வந்தால் “பழகிவிடும்” என்று வீட்டார் சும்மா இருந்துவிடுவார்கள். விடாத வாந்தியினால் தயமின் என்ற சத்துக் குறைந்து, நடை தள்ளாடிக் கண் தடுமாறி மூளையே பழுதாகிவிடலாம் என்பதை முன்பு கேட்டறிந்தவர் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்வார். சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் காய்ச்சலும் வயிற்றுவலியும் நெஞ்சுத் துடிப்பும் சேர்ந்து வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. தையல் விட்டு உள்ளே கசிகிறதோ என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

பெரிய நகரங்களில் இச்சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிகள் சில இத்தகைய கூட்டங்களை நடத்துகின்றன. சங்கரன்கோவிலில் இருக்கிறவர் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் பிரயாணம் செய்து திருநெல்வேலிக்கோ, அதைவிடத் தூரமாக மதுரைக்கோ போய்வர வேண்டும். அதுவும் இரண்டாம் வருஷத்தில், மனம் சோர்ந்திருக்கும்பொழுது! போகமாட்டார். ஆகவே இங்கேயே மூன்று நாலு பேர் கூடினால் போதும். நம் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இச்சிகிச்சை பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல், ஒவ்வொருவரும் ‘பித்தப்பைக் கல்’ என்று சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். சிகிச்சை செய்த டாக்டரிடம், “எங்கள் பக்கத்தவர் யாரேனும் சம்மதித்தால் அவரிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்” என்று சொல்லிவைக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை போதும். ஸ்திரீகள் தனியே கூடினாலும் சரி. கணவனோ மாமியாரோ ஒருவர் கூடவே வரவேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம். தலைவர், காரியதரிசி எல்லாம் அநாவசியம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை தேவை. நாலு பேர் கூடுகிறார்கள் என்றால் நம் வீட்டுப் பெண்மணிகள் சொல்லாமலே வடைக்கு உளுந்து ஊறவைத்து, டிகாக்ஷனும் இறக்கிவிடுவார்கள். அதை முதல் நாள் சாயங்காலமே தடுத்துவிட வேண்டும்.