இருபது நிமிடத்தில் முடியாத ஊர்

பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து அறுபதாம் கல்யாணத்துக்கு வேன் பிடித்துத் திருக்கடையூர் போகிறவர்கள் நிறைய. அபிராமி சந்நிதியில் சடங்கு முடிந்து, பந்தியும் முடிந்தால், அடுத்து வேளாங்கண்ணி. வழியில் தரங்கம்பாடி வருகிறது. ‘கோட்டை பாக்குறவங்க இருபது நிமிஷத்துல வந்துருங்க’ என்கிறார் டிரைவர். பிள்ளைகள் மதில் ஓரம் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வேன் கிளம்பிவிடுகிறது.

அந்த ஊருக்கு இது பெரிய அநியாயம்.

1620 முதல் 1845 வரை, நடுவில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, டென்மார்க் அரசின் கொடி பறந்த இடம் அது. இந்தியாவில் அவர்களுடைய தலைநகரம். ஐரோப்பியப் பழைய நகரம் ஒன்றில் கால் வலிக்க நடக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் விசாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். மதில்வாசல், ராஜவீதி, தேவாலயம், கோட்டை, கடல் என்று அத்தனையும் கைக்குள் அடங்கிய ஊர் மயிலாடுதுறை மாவட்டத்திலேயே இருக்கிறது.

அதிலும் மதுரைச் சீமைக்காரர்கள் உரிமையோடு போய் நிற்கவேண்டிய இடம் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாண்டிய நாட்டின் கை அங்கே நீண்டிருந்திருக்கிறது. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியதைக் காக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

தோப்பூர்ப் போரில் மதுரை நாயக்கர் நின்ற அணியைத் தோற்கடித்த தஞ்சை ரகுநாத நாயக்கர், அடுத்த சில ஆண்டுகளிலேயே ஓவே கெட்டே என்ற டேனிஷ் தளபதிக்கு இந்த இடத்தை ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு அவர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடியை ‘டேனிஷ்காரன் கட்டின ஊர்’ என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது அரைக்கதை. இடம் கொடுத்தவரும், துணி நெய்து தந்தவரும், கோட்டைக்குச் செங்கல் சுமந்தவரும் இந்த மண்ணின் ஆட்கள்தான்.

ஊருக்குள் மதில்வாசல் வழியாக நுழைவதே சரி. 1792-இல் திருப்பிக் கட்டிய வெள்ளை வாசல் அது. உள்ளே ராஜவீதி. அங்கே 1718-இல் எழும்பிய புது எருசலேம் ஆலயத்துக்குள் கட்டாயம் போகவேண்டும். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அங்கேதான் அடங்கியிருக்கிறார். 1706 ஜூலையில் வந்து இறங்கிய அவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். டேனிஷ் ஆளுநரோடு மோதி, இந்த ஊரின் டேன்ஸ்போர்க் கோட்டையிலேயே நான்கு மாதம் சிறையில் கிடந்தார். வெளியே வந்து அச்சகம் வைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அவரோடு 1714-இல் கப்பலேறி ஐரோப்பா போன மலையப்பன் என்ற தமிழரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லவேண்டாமா?

அதே ஆலயத்தில் சாதி பார்த்துத் தனித்தனிப் பக்கமாக உட்காரவைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அழகான கட்டடம் என்பதற்காக அதை மறைத்துவிடக் கூடாது.

1845-இல் டென்மார்க் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. பிறகு ரயிலும் வியாபாரமும் நாகப்பட்டினம் பக்கம் போயின, தரங்கம்பாடி அயர்ந்தது. பழைய வீதி இடிபடாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். 2004 சுனாமியில் மீனவர் குடியிருப்புகள் பட்ட அடிக்குப் பின், டேனிஷ் தேசிய அருங்காட்சியகம் போன்ற அமைப்புகளின் துணையோடு பழைய கட்டடங்கள் சில மீட்கப்பட்டன. நல்ல வேலை. ஆனால் கடலையே நம்பி அங்கே வாழும் மீனவர்களுக்கு இந்தப் பழம்பெருமையால் வருமானம் வராவிட்டால், சுண்ணாம்பு பூசிய சுவரால் யாருக்கு என்ன பயன்?

உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தமிழில் கதை சொல்லி வீதி வீதியாக நடத்திக் கூட்டிப்போக வைக்கலாம். அதற்குக் கோடிகள் தேவையில்லை. மதில்வாசலில் சுத்தமான கழிப்பறை, குடிநீர், வேன் நிறுத்த நிழல், மீன் சாப்பாடு போட மீனவப் பெண்களுக்கு நாலு கடை. கோட்டை அருங்காட்சியகத்தில் ரகுநாதரின் தங்க ஏட்டைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் ஒரு பலகை. சுற்றுலாத் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே பருவத்தில் நடக்கிற காரியம். மதுரைப் பள்ளிகளும் ஆண்டுச் சுற்றுலாவுக்கு வழக்கமான ஊட்டி, கொடைக்கானலை ஒரு வருடம் விட்டுவிட்டு, பிள்ளைகளை ஒரு முழுப்பகல் இங்கே நடக்கவிடலாம்.